வாருங்கள், அந்தரகங்கை மலைக்குப் போவோம்

சாம்பியன் ரீப்ஸில் பெரிய பெரிய மேடுகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மலை மாதிரி தெரியும். ஆனால் அவை மலைகள் இல்லை. சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையைப் பொடி செய்தார்கள். அதிலிருந்து தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மண்ணை மலை போலக் குவித்தார்கள். அதைத்தான் சயனைடு மண் என்கிறோம். தங்கவயலில் இப்படி 13 மேடுகள் உண்டு. மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் அங்கே கிடக்கிறது. காற்று பலமாக அடித்தால் அந்தத் தூசி நம் வீட்டுக்குள் வருகிறது. சோற்றிலும் விழுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே உண்மையான மலை ஒன்று இருக்கிறது. அங்கே மரம் உண்டு. குகை உண்டு. வற்றாத ஊற்று உண்டு. மலை உச்சியில் ஊரும் உண்டு. அதன் பெயர் அந்தரகங்கை. கோலார் நகரத்தை ஒட்டி நிற்கிறது. நம் ஊரிலிருந்து கோலார் சுமார் 30 கிலோமீட்டர் தூரம்தான்.

நம்மில் பலர் தினமும் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். இரவு திரும்புகிறோம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் இதுவே பல குடும்பங்களின் வாழ்க்கை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். அந்த ஒரு நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே போகலாம்? அதிகச் செலவு இல்லாமல் போக வேண்டும். நல்ல காற்று வேண்டும். நாலு விஷயம் தெரிந்துகொள்ளவும் வேண்டும். அதற்கு அந்தரகங்கை ஏற்ற இடம்.

எப்படிப் போவது? என்ன பார்ப்பது? எதில் கவனமாக இருப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூங்கா என்பது என்ன? காடு என்பது என்ன?

அமெரிக்காவில் மாநிலப் பூங்கா என்ற பெயரில் நிறைய காடுகள் உண்டு. மக்கள் கூடாரம் எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். காட்டுப் பாதையில் நடப்பார்கள். இரவு தங்குவார்கள். அந்த ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்வார்கள். 1872ஆம் ஆண்டு அங்கே யெல்லோஸ்டோன் என்ற இடத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உலகத்தின் முதல் தேசியப் பூங்கா அதுதான்.

நம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா 1936ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்தில் உண்டானது. இன்று அதற்கு கார்பெட் தேசியப் பூங்கா என்று பெயர். பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. சென்னைக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது.

அந்தரகங்கை தேசியப் பூங்கா இல்லை. அது வன இலாகாவின் காவலில் உள்ள காடு. இப்படிப்பட்ட காட்டை 'ரிசர்வ் காடு' என்பார்கள். அதாவது, ஒதுக்கி வைத்த காடு. இந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது. தீ வைக்கக் கூடாது. வேட்டையாடக் கூடாது. கர்நாடக வனச் சட்டம், 1963 இதைத் தடுக்கிறது. மீறினால் தண்டனை உண்டு.

அதே சமயம் இது மக்கள் நடமாடும் மலை. கோயிலுக்குப் பக்தர்கள் வருகிறார்கள். மலைமேல் உள்ள ஊர்க்காரர்கள் ஏறி இறங்குகிறார்கள். ஆடு மாடு மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே, காட்டையும் காக்க வேண்டும். மக்களும் வந்துபோக வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால் வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிப் போவது?

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கோலாருக்குப் பஸ்ஸில் போகலாம். அல்லது சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறி பங்காருப்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து கோலாருக்குப் பஸ் பிடிக்கலாம். நம் ரயில் பாதையும் சுரங்கத்துக்காகப் போட்டதுதான். 1894ஆம் ஆண்டு இது திறக்கப்பட்டது. அப்போது பங்காருப்பேட்டைக்கு பௌரிங்பேட்டை என்று பெயர்.

கோலார் பஸ் நிலையத்திலிருந்து மலை அடிவாரம் மூன்று, நான்கு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவில் போகலாம். காலும் நேரமும் இருந்தால் நடந்தும் போகலாம். பஸ்ஸில் ஊர்ப் பெயர் கன்னடத்தில் எழுதியிருக்கும். நமக்குக் கன்னடம் பேச வரும். எழுத்து எல்லோருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். நான்கு எழுத்து தெரிந்தவர் ஐந்தாவது எழுத்தையும் தெரிந்துகொள்ளலாம்.

மலையில் ஏற ஏற்ற மாதம் ஜூலை முதல் பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பாறை சுடும். புல் காய்ந்து கிடக்கும். காட்டுத் தீ வருவது அந்தக் காலத்தில்தான். பலத்த மழை நாளிலும் ஏற வேண்டாம். பாறை வழுக்கும். இடி மின்னலும் ஆபத்து.

காலையில் சீக்கிரம் ஏறத் தொடங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

எவ்வளவு உயரம்?

கோலார் மலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. கோலார் நகரமே சுமார் 2,700 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே நாம் ஏற வேண்டியது சுமார் 1,300 அடிதான்.

இது அதிகமா? சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஆழத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் அடிக்கும் மேல் பூமிக்குள் போகிறது. அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் நம் அப்பாவும் தாத்தாவும் வேலை செய்தார்கள். அவர்கள் கீழே இறங்கிய ஆழத்தில் எட்டில் ஒரு பங்குதான் இந்த மலையின் ஏற்றம். மெதுவாக ஏறினால் எல்லோராலும் முடியும்.

ஆனால் ஒன்று. சுரங்கத்தில் வேலை செய்த பலருக்கு நெஞ்சில் தூசி அடைந்திருக்கும். மூச்சு வாங்கும். இதய நோய் உள்ளவர்களும் இருப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரலாம். வந்தாலும் உச்சிக்குப் போக வேண்டியதில்லை. ஊற்று வரை போய் மர நிழலில் உட்காரலாம். அதுவே நல்ல ஓய்வு.

வழியில் என்ன பார்க்கலாம்?

அடிவாரத்திலிருந்து கல் படிகள் தொடங்கும். சில நூறு படிகள் ஏறினால் காசி விசுவேசுவரர் கோயில் வரும். அங்கே ஒரு குளம் இருக்கிறது. கல்லில் செதுக்கிய நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். இதைத்தான் அந்தரகங்கை என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடி வரும் கங்கை என்று பொருள் சொல்வார்கள்.

கோயிலைத் தாண்டி மேலே போனால் படி இருக்காது. ஒற்றையடிப் பாதைதான். பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். பாறைகளுக்கு இடையில் சந்துகளும் குகைகளும் இருக்கும். சில இடத்தில் குனிந்து போக வேண்டும். சில இடத்தில் தவழ்ந்துதான் போக முடியும்.

இன்னும் மேலே போனால் தேரஹள்ளி என்ற ஊர் வரும். மலைமேல் நிலம் சமமாக இருக்கிறது. அங்கே வீடுகள் உண்டு. வயல்கள் உண்டு. அந்த ஊருக்கு வேறு பக்கத்திலிருந்து சாலையும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் கோலார் நகரமும் ஏரிகளும் தெரியும்.

குகை எப்படி உண்டானது?

"இந்தப் பாறையை யார் தூக்கி வைத்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பீமன் வைத்தான் என்று கதை சொல்லலாம். கதையோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

இந்த மலை கருங்கல் மலை. இங்கே உள்ள கல்லுக்கு வயது 250 கோடி ஆண்டுக்கும் மேல். ஒரு காலத்தில் இது பூமிக்குள் சூடான குழம்பாக இருந்தது. மெல்ல ஆறி இறுகியது. இறுகும்போதும் பிறகும் அதில் விரிசல் விழுந்தது. மேலே இருந்த மண் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போனது. பாறை வெளியே தெரிந்தது.

விரிசலுக்குள் மழைநீர் இறங்கியது. பகலில் பாறை சூடாகி விரியும். இரவில் குளிர்ந்து சுருங்கும். மரத்தின் வேரும் விரிசலுக்குள் புகுந்து நெம்பும். பெரிய பாறை துண்டு துண்டாகப் பிளந்தது. துண்டின் முனை தேய்ந்து உருண்டையானது. உருண்டைகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நடுவில் மிஞ்சிய இடம்தான் குகை.

நம் தங்கவயல் கல் வேறு வகை. அது பழைய எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது. அதில்தான் தங்க ரேகை ஓடியது. தங்கவயலுக்குப் பக்கத்தில் பெத்தபள்ளியில் எரிமலைக் கற்கள் வெளியே தெரிகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. முடிந்தால் ஒரு நாள் அதையும் போய்ப் பாருங்கள்.

ஊற்று ஏன் வற்றவில்லை?

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பாலாறு இந்த வழியாகப் போகிறது. ஆனால் மழைக்காலத்தில்தான் அதில் தண்ணீர் வரும். அதனால்தான் நம் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். இப்போது ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்கு மேல் போகிறது. அவ்வளவு ஆழத்துத் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்தால் பல்லில் கறை படியும். நாளாக ஆக எலும்பும் மூட்டும் கெடும். ஏரிகளை நிரப்ப 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்தம் செய்து குழாயில் அனுப்புகிறார்கள்.

நிலைமை இப்படி இருக்கும்போது மலைமேல் மட்டும் ஊற்று எப்படி?

மலையில் மழை பெய்கிறது. மரத்தின் இலை அந்த வேகத்தைத் தடுக்கிறது. தரையில் உதிர்ந்த சருகு கிடக்கிறது. அது பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சுகிறது. பிறகு தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணிலிருந்து பாறை விரிசலுக்குள் போகிறது. விரிசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருகிறது. ஓர் இடத்தில் வெளியே வர வழி கிடைக்கிறது. அங்கே ஊற்றாகக் கொட்டுகிறது.

மலை ஒரு பானை போல. சருகும் மண்ணும் அதன் வாய். விரிசல்கள் அதன் வயிறு. நந்தியின் வாய் அதன் ஓட்டை. வாய் திறந்திருந்தால்தான் பானை நிரம்பும்.

மரத்தை வெட்டினால் என்ன ஆகும்? சருகு இருக்காது. மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மேல் மண்ணையும் அடித்துக்கொண்டு போகும். பானைக்குள் தண்ணீர் இறங்காது. ஊற்று இளைக்கும். ஆகவே மரத்தைக் காப்பதும் ஊற்றைக் காப்பதும் ஒன்றுதான்.

மரமும் சுரங்கமும்

இதில் நம் சுரங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலை தொடங்கியது. அப்போது மின்சாரம் இல்லை. நீராவி எந்திரம்தான். அதற்கு நிலக்கரியும் விறகும் வேண்டும். சுரங்கத்துக்குள் கூரை விழாமல் முட்டுக் கொடுக்கவும் மரம் வேண்டும். எத்தனையோ மரங்கள் வெட்டப்பட்டன.

1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து நமக்கு மின்சாரம் வந்தது. சுமார் 148 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே இது பெரிய சாதனை. மின்சாரம் வந்ததும் விறகின் தேவை குறைந்தது. ஒரு நீர்வீழ்ச்சி எத்தனையோ மரங்களுக்கு உயிர் கொடுத்தது.

பழைய கதையும் பழைய கல்லும்

இந்த மலைத்தொடருக்குச் சதசிருங்கம் என்று பெயர். நூறு சிகரம் என்று பொருள். பரசுராமர் கதையை இந்த மலையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஜமதக்னி முனிவரிடம் கேட்டதெல்லாம் தரும் பசு இருந்தது. கார்த்தவீரியன் என்ற அரசன் அதைப் பறிக்க வந்தான். சண்டை மூண்டது. அந்தக் கோலாகலத்தால்தான் கோலார் என்ற பெயர் வந்தது என்பார்கள். இது மக்கள் வழி வழியாகச் சொல்லும் கதை.

கல்வெட்டு சொல்வது வேறு. கங்க அரசர்கள் முதலில் இங்கிருந்துதான் ஆட்சி செய்தார்கள். இது ஏறக்குறைய 1,600 ஆண்டுக்கு முந்தைய செய்தி. ஊரின் பழைய பெயர் குவளாலபுரம். பிறகு சோழர் வந்தார்கள். கோலார் நகரத்தில் கோலாரம்மா கோயில் இருக்கிறது. அதில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய எழுத்து அது. இன்றைய எழுத்து போல இருக்காது. ஆனாலும் அது நம் மொழி. மலையிலிருந்து இறங்கியதும் அந்தக் கோயிலுக்குப் போங்கள். எழுத்தைக் கண்ணால் பாருங்கள். அங்கே தேளுக்கும் ஒரு சன்னதி உண்டு. தேள் கடியிலிருந்து காக்கும் தெய்வம் என்று மக்கள் கும்பிடுகிறார்கள்.

மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்தது பூதிகோட்டை. அது பங்காருப்பேட்டைக்கு அருகில் உள்ள ஊர். அவருடைய தந்தை பதே முகம்மதுவின் சமாதி கோலார் நகரத்தில் இருக்கிறது. இப்படிப் பல மதத்தாரும் பல மொழிக்காரரும் வாழ்ந்த மண் இது. இன்றும் அப்படித்தான்.

எதில் கவனம் வேண்டும்?

1. தீ: காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். மலையே எரியும். சிறு கன்று எல்லாம் சாகும். முயலும் பறவைக் குஞ்சும் சாகும். சருகு சாம்பலாகும். பானையின் வாய் மூடிவிடும். மலையில் பீடி, சிகரெட் பிடிக்க வேண்டாம். அடுப்பு மூட்ட வேண்டாம். வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். அதற்குச் சுவை அதிகம்.

2. குரங்கு: கோயில் பக்கம் குரங்குகள் அதிகம். பாவம் என்று வாழைப்பழம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அது பிடுங்கித் தின்னும். தராவிட்டால் கடிக்கும். பையை மூடி வையுங்கள். குரங்கின் கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள். குரங்கு கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

3. பாம்பு: கல் இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள். கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். கோலார் அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். பாம்பு விஷத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். மந்திரம் போடப் போனால் நேரம் போகும். உயிரும் போகும்.

4. தேனீ: பாறையில் பெரிய தேன்கூடு தொங்கும். கல் எறியாதீர்கள். புகை போடாதீர்கள். கூச்சல் போடாதீர்கள்.

5. குளம்: படியில் பாசி இருக்கும். வழுக்கும். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள். ஊற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கலாம். குடிக்கக் காய்ச்சிய தண்ணீரைக் கொண்டு போங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும்.

6. குகை: தனியாக நுழையாதீர்கள். டார்ச் லைட் வேண்டும். வழி தெரிந்த உள்ளூர்க்காரரை அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். மலை ஊர்க்காரருக்கு அது ஒரு வருமானம்.

7. பாறை விளிம்பு: செல்போனில் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தவர்கள் உண்டு. விளிம்பில் நிற்க வேண்டாம். ஒரு படத்தைவிட உயிர் பெரியது.

8. குப்பை: தின்ற பாக்கெட்டையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் மக்காது. மாடு தின்றால் அதன் வயிறு அடைத்துச் சாகும்.

இரவில் தங்கலாமா?

மலைமேல் கூடாரம் போட்டுத் தங்க இளைஞர்களுக்கு ஆசை. பெங்களூரிலிருந்தும் பலர் இதற்காக வருகிறார்கள். இரவில் நட்சத்திரம் நன்றாகத் தெரியும். காற்று குளிரும். சூரியன் எழுவதை உச்சியிலிருந்து பார்க்கலாம்.

ஆனால் ரிசர்வ் காட்டில் அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். காரணம் இல்லாமல் இல்லை. இந்த மாவட்டத்து மலைகளில் சிறுத்தை உண்டு. இருட்டில் பாறை இடுக்கில் விழுந்தால் தேடுவதும் கஷ்டம். கர்நாடக வன இலாகா சில மலைகளுக்கு இணையதளம் வழியாகச் சீட்டுக் கொடுக்கிறது. விதிகள் அடிக்கடி மாறும். ஆகவே போகும் முன் கோலார் வன அலுவலகத்தில் கேளுங்கள். பகலில் குழுவாகப் போவதானாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

அனுமதி கிடைத்தால் இவற்றை நினைவில் வையுங்கள். பெரிய பாறையின் அடியில் கூடாரம் போடக் கூடாது. ஓடை ஓடும் பள்ளத்திலும் போடக் கூடாது. சமமான திறந்த இடம் நல்லது. இடி இடித்தால் உயரமான இடத்திலும் தனி மரத்தின் அடியிலும் நிற்கக் கூடாது. மது கூடவே கூடாது. சத்தமாகப் பாட்டுப் போடவும் கூடாது. காட்டு மிருகத்துக்கு அது வீடு. நாம் விருந்தாளிகள்.

விண்ணப்பம் எழுதுவோம்

பத்து இருபது பேர் குழுவாகப் போகிறீர்களா? மகளிர் சங்கம் போகிறதா? அப்படியானால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்பதைவிட எழுதிக் கேட்பதற்கு மதிப்பு அதிகம். கன்னடத்தில் எழுதினால் இன்னும் நல்லது. முதலில் தமிழில் எழுதிப் பழகுவோம்.

அனுப்புநர்:
................................
சாம்பியன் ரீப்ஸ், தங்கவயல்.

பெறுநர்:
வன அதிகாரி அவர்கள்,
வன இலாகா அலுவலகம், கோலார்.

ஐயா,

நாங்கள் சாம்பியன் ரீப்ஸில் வசிக்கிறோம். எங்கள் குழுவில் ........ பேர் இருக்கிறோம். அதில் பெண்கள் ........ பேர். பிள்ளைகள் ........ பேர். வரும் ........ தேதி அந்தரகங்கை மலைக்கு வர விரும்புகிறோம். காலை ........ மணிக்கு ஏறி மாலை ........ மணிக்குள் இறங்கிவிடுவோம். தீ மூட்ட மாட்டோம். குப்பை போட மாட்டோம். எங்களுக்கு அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறோம். வழிகாட்டி ஒருவரையும் சொல்லி உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
................................
தேதி: ....................

கொடுத்ததும் ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்வோம்

நம் பெரியவர்கள் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் எடுத்தார்கள். 800 டன்னுக்கு மேல் எடுத்தார்கள். தங்கம் குறைந்தது. சுரங்கம் மூடியது. எடுத்த தங்கம் எங்கேயோ போய்விட்டது. தூசி நம்மிடம் தங்கிவிட்டது.

மலை ஊற்றும் ஒரு செல்வம்தான். ஆனால் இது வேறு வகைச் செல்வம். தங்கம் எடுக்க எடுக்கக் குறையும். மரம் இருக்கும்வரை ஊற்று குறையாது. ஒவ்வொரு மழையிலும் மறுபடி நிரம்பும். இந்தச் செல்வத்துக்கு ஷாஃப்ட் வேண்டாம். கேஜ் வேண்டாம். வெடி வேண்டாம். காட்டை எரிக்காமல், வெட்டாமல் விட்டால் போதும்.

இந்த மலை யாருக்கும் தனிச் சொத்து இல்லை. மலை ஊர்க்காரருக்கு உரிமை உண்டு. கோலாருக்கு உண்டு. லைன் வீட்டில் இருக்கும் நமக்கும் உண்டு. உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நந்தியின் வாயில் தண்ணீர் கொட்டுவதைக் காட்டுங்கள். அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. மலை ஊற்று கோடையிலும் வற்றாமல் இருக்க எது காரணம்?
2. குரங்குக்குத் தீனி கொடுப்பது நல்லதா? கெட்டதா? ஏன்?
3. பாம்பு கடித்தவருக்கு என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?
4. சயனைடு மேட்டின் தூசியைக் குறைக்க நம் ஊரில் என்ன செய்யலாம்? மரம் நட்டால் உதவுமா? உங்கள் கருத்தை ஐந்து வரியில் எழுதுங்கள்.